கசற்றில் கேட்ட என் குரல்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் மகள் லூசியா தன் பள்ளிக்கூடச் சிநேகிதியோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு வயது. படிப்பது பிரெஞ்சில், விளையாடுவது பிரெஞ்சில், கோபித்துக்கொள்வதும் பிரெஞ்சில்தான். தமிழில் கூப்பிட்டால் மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்பதால் குசினியிலிருந்து ஆங்கிலத்தில் சாப்பிடக் கூப்பிட்டேன். யார் அது என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். லூசியா கொஞ்சமும் யோசிக்காமல், "அது ரீவிச் சத்தம்" என்றாள்.

பிரெஞ்சில்தான் சொன்னாள். எனக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்காது என்று நினைத்திருப்பாள்.

சாப்பிடும்போது கேட்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"நீங்கள் கங்காரு படத்தில வாற ஆக்கள் மாதிரிக் கதைக்கிறீங்கள். அவள் சிரிப்பாள்."

என் கணவர் அன்ரன் சோற்றைக் குழைத்தபடி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு அவளைப் படுக்கக் கூப்பிட்டது தமிழில், மூன்று தரம்.

உங்கள் சஞ்சிகையின் ஆசிரியர் போன வருடம் என் முதல் கதையை வெளியிட்டபோது, நான் எழுதத் தொடங்கியது எப்போது, எப்படி என்று கேட்டிருந்தார். பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். ஒரு மனிதருக்கு நான் செய்த தீங்கைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. லூசியா அப்படிச் சொன்ன பிறகு, சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

2

நான் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவள். பதின்மூன்று வயதில் அம்மாவோடு மெல்பேர்ணில் இருந்த மாமாவிடம் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரு பெண் தினமும் தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். நான் ஏறியதும், புதன்கிழமைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்பாள். நான் சொல்வேன். இன்னொரு தரம் சொல்லச் சொல்வாள். சிநேகிதி கிடைத்துவிட்டாள் என்று இரண்டு கிழமை சந்தோஷமாக இருந்தேன். பின் ஆசனங்களில் இருந்தவர்கள் நான் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன்பிறகு மாமாவின் வானொலியில் காலையும் மாலையும் வானிலை அறிக்கை கேட்டு, அதே மாதிரித் திருப்பிச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வருடத்தில் தொலைபேசியில் பேசினால் எந்த நாடு என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மா மற்றவர்களிடம் என் ஆங்கிலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவா. ஆனால் எனக்கு முன்னால் ஆங்கிலத்தில் வாய் திறக்க அவ தயங்கத் தொடங்கினதும் அப்போதுதான்.

2000ஆம் ஆண்டு அன்ரனைக் கல்யாணம் செய்து மொன்றியலுக்கு வந்தேன். அவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றி ஓடும் லொறிச் சாரதி. செயின்ட்-மிஷேலில் இரண்டாம் மாடியில் வீடு. வெளியே இரும்புப் படிக்கட்டு. பனிக்காலத்தில் ஒவ்வொரு படிக்கும் உப்புப் போட்டுத்தான் இறங்க வேண்டும். அதெல்லாம் பழகிவிட்டது. என் வாய்தான் இந்த ஊருக்குப் பழகவில்லை. தெருமுனைக் கடைக்காரர் என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார். நான் ஆங்கிலத்தில் தொடர்ந்தால் அது விளங்காமல் திரும்பப் பிரெஞ்சுக்குப் போய்விடுவார். பூசை முடிந்து வெளியே நிற்கும்போது ஒரு மாமி அன்ரனிடம், "உம்மட மனிசி ஏன் மூக்காலை கதைக்கிறா? பெருமை காட்டுறாவோ?" என்று கேட்டா.

பிரெஞ்சு வகுப்பில் சேரப் போன இடத்தில், பிறந்த ஊர் எது என்று ஒருவர் கேட்டு எழுதினார். நான் யாழ்ப்பாணத்தின் ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். முதல் நாள் வகுப்புக்குப் போனால் ஆசிரியை எனக்குக் குனிந்து ஜப்பானிய மொழியில் வணக்கம் சொன்னா. படிவத்தில் ஜப்பான் என்று இருந்தது. அதை வீட்டில் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குப் போகிற வழியில் ஒரு ஊரே மாறிப்போகும் என்றால் வேறு என்னவெல்லாம் மாறும் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

3

லூசியாவை கார்த்ரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சேர்த்த பிறகு எனக்கு ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அகதிக் கோரிக்கை வைக்கும் தமிழர்கள் அவரிடம் வருவார்கள். அவர்கள் தமிழில் சொல்வதைக் கேட்டுக் குறிப்பெடுத்து, பிறகு தனியறையில் இருந்து ஆங்கிலத்தில் சின்னக் கசற் ஒன்றில் பேசிப் பதிவு செய்வேன். லீஸ் என்ற கியூபெக் பெண் அதை ஹெட்ஃபோனில் கேட்டுத் தட்டச்சுச் செய்வாள். அவளுடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம்.

மொழிபெயர்க்கிற வேலையில் ஒரு விதி உண்டு. 'இவரை அடித்தார்கள்' என்று சொல்லக்கூடாது, 'என்னை அடித்தார்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே காலையில் நான் பேசாலைக் கடற்தொழிலாளி, மத்தியானம் மகனைப் பறிகொடுத்த தாய், பின்னேரம் பள்ளிக்கூட ஆசிரியர். ஒரு நாளில் ஐம்பது தரம் 'நான்' என்று சொல்லுவேன். அதில் ஒன்றுகூட நானில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அறையில் ஒருவரும் என் உச்சரிப்பைப் பற்றிக் கேட்பதில்லை.

2005 வசந்த காலத்தில் மரியதாஸ் அண்ணை வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடுவுக்குக் கிட்ட நீரிறைக்கும் இயந்திரங்கள் திருத்தும் வேலை செய்தவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். ஒரு நாள் ஆயுதத்தோடு சிலர் அவரைத் தேடி வந்திருக்கிறார்கள். யார் என்பதை இங்கே எழுதவில்லை. அவருடைய ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

"நான் வயலுக்குள்ள ஒரு மெசின் பாக்கப் போட்டன், பிள்ளை. என்னைக் காணேல்லையெண்டு அண்டைக்கே தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். பதினொரு நாளால விட்டவங்கள். கை முறிஞ்சு போய்த்தான் வந்தவன். அடுத்த முறை நீதான் எண்டு அவனிட்டைச் சொல்லி அனுப்பினவங்கள்."

நான் அதைக் கசற்றில் பேசினேன். தம்பியை அந்த நாளே கொண்டு போனார்கள் என்று சொன்னேன். அவன் திரும்பி வந்த விபரம் அதற்கு நாலைந்து பக்கம் தள்ளி, பெயர் சொல்லாமல், கை முறிந்த உறவினர் ஒருவரைப் பற்றிய வரி போல வந்தது. என் குறிப்பில் அந்த விபரத்தைக் காயங்கள் பற்றிய பகுதியில் எழுதி வைத்திருந்ததால் அப்படி ஆனது.

கையெழுத்து வைக்கிற நாள் வந்தது. தட்டச்சான எட்டுப் பக்கங்கள். ஒவ்வொரு வரியையும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அப்படி வாசித்துக் காட்டினேன் என்று கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். மணி ஐந்து பத்து. கார்த்ரி ஆறு மணிக்கு மூடும். அதற்கு முந்தின கிழமை பிந்திப் போனதற்கு அங்கே பேச்சு வாங்கியிருந்தேன். கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைப் பார்க்காமல், அவருடைய கதையை எனக்கு ஞாபகம் இருந்தபடி தமிழில் வேகமாகச் சொன்னேன்.

"எல்லாம் சரிதானே, அண்ணை?"

"ஓம் பிள்ளை, எல்லாம் நான் சொன்ன மாதிரித்தான் இருக்கு" என்றார்.

அவர் கையெழுத்து வைத்தார். கீழே நானும் வைத்தேன். மெட்ரோவுக்கு ஓடினேன்.

4

அடுத்த வருடம் பனிக்காலத்தில், விசாரணை முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, மரியதாஸ் அண்ணை எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். விசாரணைக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளர்தான் போனவர். எனக்கு ஒன்றும் தெரியாது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைப் பைக்குள் இருந்த கடிதத்தை எடுத்துத் தந்தார்.

"மாட்டன் எண்டுட்டாங்களாம். ஏன் எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ."

காரணம் ஒரு பத்தியில் இருந்தது. தம்பி கொல்லப்பட்டதாக மனுதாரர் எழுத்தில் சொல்லியிருக்கிறார். விசாரணையில், தம்பி உயிரோடு இருப்பதாகச் சொல்கிறார். இவ்வளவு பெரிய விடயத்தில் முரண்படுபவரை நம்ப முடியாது.

"நீங்கள் தம்பி செத்துப் போனார் எண்டு எங்கேயும் சொன்னனீங்களோ?" என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கிறவனை நான் ஏன் சாகடிப்பன், பிள்ளை? அவங்களும் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள். எனக்கு என்ன கேக்கிறாங்கள் எண்டே விளங்கேல்லை."

அவரிடம் இருந்த பிரதியை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. தம்பியைச் சாகக் கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் லீஸிடம் போனேன். பழைய கசற்றுகளை அவள் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தாள். தேடி எடுத்து, ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை என் காதிலும் மற்றப் பக்கத்தைத் தன் காதிலும் வைத்து ஓடவிட்டாள். ஒரு பெண்ணின் குரல் வந்தது. மூக்கால் இழுத்து, ஒவ்வொரு வசனத்தின் முடிவையும் கேள்வி மாதிரி உயர்த்தி, அவசரமாகப் பேசுகிற குரல். யாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நாள் என்று அவள் சொன்ன இடத்தில், முன்சொல்லை அவசரத்தில் விழுங்கியதால், 'டே' என்பது 'டை' என்று விழுந்தது. நாள் என்று நான் சொன்னேன். சாவு என்று அது கேட்டது. மூன்று தரம் ஓடவிட்டோம். மூன்று தரமும் நானே தம்பியைச் சாகக் கொண்டு போனேன்.

லீஸின் கண் கலங்கியிருந்தது. "இதைத் தட்டச்சுச் செய்த அன்றைக்கு எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. பாவம் அந்த மனிதர் என்று வீட்டிலும் சொன்னேன்" என்றாள்.

அவள்மேல் பிழை இல்லை. கேட்டதைத்தான் அடித்தாள். உச்சரிப்பின்மேல் பிழையைப் போட்டுவிடலாம் என்று நானும் மெட்ரோவில் வரும்வழி முழுவதும் முயன்று பார்த்தேன். ஆனால் அந்த வரியை நான் ஒரு தரம், ஒரே ஒரு தரம், கண்ணால் பார்த்திருந்தால் போதும்.

அன்று பின்னேரமே மரியதாஸ் அண்ணையிடம் போனேன். அவர் ஒன்றுவிட்ட சகோதரரின் வீட்டில், நிலக்கீழ் அறையில் இருந்தார். கசற்றில் கேட்டதைச் சொன்னேன்.

"அப்ப கையெழுத்து வைக்கேக்க வாசிச்சனீங்களே?"

"அது வாசிக்கேல்லை, அண்ணை. ஞாபகத்திலை இருந்ததைச் சொன்னனான்."

"ஏன்?"

"பிள்ளையைக் கூப்பிடப் போக வேண்டியிருந்தது."

அவர் சத்தம் போடவில்லை.

"எனக்கும் பிள்ளையள் இருக்கினம்" என்றார்.

5

மேன்முறையீட்டுக்கு நாட்கள் குறைவாக இருந்தன. என்ன நடந்தது என்று நான் ஒரு சத்தியக்கடதாசி எழுதித் தரவேண்டும். சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டு, தட்டச்சுப் பிழை என்று மட்டும் எழுதினால் போதும் என்றார். வாசித்துக் காட்டவில்லை என்று எழுதினால் நான் இதுவரை வைத்த எல்லாக் கையெழுத்தையும் சந்தேகிப்பார்கள், இந்த நகரத்தில் இனி இந்த வேலை கிடைக்காது என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. நடக்கப்போவதைத்தான் சொன்னார்.

"தட்டச்சுப் பிழை எண்டு மட்டும் எழுதினால் அவருக்குக் காணுமோ?" என்று அன்ரன் கேட்டார்.

"காணாது. வாசிச்சுக் காட்டின ஆள் அதைப் பிடிச்சிருக்க வேணுமே எண்டு கேப்பினம்."

"அப்ப என்ன யோசினை?"

"உங்களுக்குப் பிரச்சினை இல்லையோ?"

"பிரச்சினைதான். அதுக்காக நான் சொல்லி நீர் எழுதாமல் விட்டதெண்டு பேந்து இருக்கக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செயின்ட்-மிஷேல் நூலகத்தில் போய் இருந்தேன். ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஐந்து பக்கம் வந்தது. எல்லாம் அலுவலகத்து ஆங்கிலம்: கவனயீனம் ஏற்பட்டது, நடைமுறை பின்பற்றப்படவில்லை. யாரும் செய்யாமல் மழை போலத் தானாக வந்தது மாதிரி இருந்தது. 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். அந்த ஆங்கில 'நான்' எத்தனையோ பேருக்கு இரவல் கொடுத்துத் தேய்ந்துபோயிருந்தது. அதை வாசிக்கையில் மற்றவர்களுடைய முகம்தான் வந்தது.

அதைக் கிழித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். பதின்மூன்று வயதுக்குப் பிறகு கடிதம் தவிர நான் தமிழில் எதுவும் எழுதியதில்லை. எந்த இடத்தில் 'ற', எந்த இடத்தில் 'ர' என்று தடுமாறினேன். நீளமான வசனம் வரவில்லை. முதல் வரி இப்படி இருந்தது: 'நான் வாசிக்கவில்லை.' இரண்டாவது: 'வாசித்தேன் என்று கையெழுத்து வைத்தேன்.' மூன்றாவது வரியில் மரியதாஸ் அண்ணை என்னை நம்பினார் என்று எழுதினேன். அதற்குப் பிறகு நிற்காமல் வந்தது. நான் இப்படித்தான் எழுதத் தொடங்கினேன்.

அதை நானே ஆங்கிலத்தில் மாற்றினேன். வேறொரு சட்டத்தரணி அதையும் கசற்றையும் சேர்த்து மனுப் போட்டார். அந்த வசந்த காலத்திலேயே என் வேலை போனது. இப்போது ஒரு வெதுப்பகத்தில் விடியற்காலை வேலை. அங்கே மாவோடும் தட்டுகளோடும் பேச வேண்டியதில்லை. அன்ரன் கூடுதலாக ஓடுகிறார். பூசைக்குப் போனால் சிலர் என்னோடு கதைப்பதில்லை. என் கையெழுத்தோடு வந்த வேறு கடதாசிகளையும் திரும்பப் பார்க்கிறார்களோ என்று பயந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. அந்தக் கடதாசிகளில் எத்தனையை வரிக்கு வரி வாசித்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

வழக்கு மறுவிசாரணைக்குப் போய், 2007 கடைசியில் மரியதாஸ் அண்ணையை ஏற்றுக்கொண்டார்கள். நல்ல முடிவு என்று பலர் சொன்னார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. முதல் விசாரணையிலேயே அவரை ஏற்றிருந்தால் மனைவியும் பிள்ளைகளும் இதற்குள் இங்கே வந்திருப்பார்கள். இந்த வருடம் சண்டை அவர்களுடைய ஊருக்கு வந்துவிட்டது. சனம் எல்லாம் இடம்பெயர்ந்து வன்னிக்குள் போய்விட்டது. இரண்டு மாதமாக அவர்களோடு தொலைபேசித் தொடர்பு இல்லை. என் ஒரு பின்னேரத்து அவசரம் அவர்களுடைய இரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். சுவாமியார் மன்னிப்புச் சொன்னார். நான் ஏற்றுக்கொண்டேனா என்று தெரியவில்லை.

உச்சரிப்பை மாற்ற முயன்றேன். வரவில்லை. இப்போது நாள் என்ற ஆங்கிலச் சொல்லையே தவிர்த்து, திகதியைச் சொல்கிறேன். என் கதையைப் பற்றி எழுதிய ஒரு வாசகர், எளிமையான நடை என்று பாராட்டியிருந்தார். என்னிடம் இருக்கிற தமிழே அவ்வளவுதான். அது எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் அதில் ஒரு வரியை எழுதினால் அது யாருடைய வரி என்று எனக்குத் தெரிகிறது.

6

மரியதாஸ் அண்ணை என்னை மன்னித்தார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருகிறார். ஒரு நாள் நானே கேட்டேன், ஏன் வேறு ஆளிடம் போகவில்லை என்று.

"வேற ஆளுக்கு முதலிலையிருந்து சொல்ல வேணும். எனக்கு ஏலாது" என்றார்.

போன ஞாயிறு மத்தியானம் வந்தார். குடும்பத்தின் விண்ணப்பத்தை விரைவாகப் பார்க்கும்படி கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். முதலில் தமிழில் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இடையில் நின்ற இடங்களில் நானே இணைத்துக்கொண்டேன். லூசியா முன்னறையில் பிரெஞ்சில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

முடிந்ததும் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் லேசாகத் தலை அசைந்தது. மனைவியின் பெயர், பிள்ளைகளின் பெயர், வயது, கடைசியாகப் பேசிய திகதி. பிறகு நான் இணைத்த வரி வந்தது: 'அவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.'

அவர் கண்ணைத் திறந்தார்.

"அது நான் சொல்லேல்லையே."

"இல்லை, அண்ணை. நான் போட்டது. கடிதத்துக்கு ஒரு முறை இருக்கெண்டு."

"நம்புறன் எண்டு எழுதாதேங்கோ. தெரியாது எண்டு எழுதுங்கோ."

நான் அந்த வரியை வெட்டினேன். அதற்கு மேலே, இடம் போதாமல் சின்ன எழுத்தில், 'அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது' என்று எழுதினேன். எழுதியதை அவருக்குத் திரும்ப வாசித்தேன்.

"ஓம்" என்றார். "இனி மிச்சத்தை வாசியுங்கோ."